தியாகராயநகர் அங்காடிகளில் விற்பனையாளர் இருக்கை: ஒரு வரலாற்று நோக்கு

பேரங்காடிகளின் வருகையால் பழைய கடைகள் நலிந்தன என்பது நகர வணிக வரலாறு குறித்துப் பரவலாக நிலவும் கருத்து. அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவையும் மயிலாப்பூர் சென்னை சிட்டி சென்டரையும் மட்டும் நோக்குவோர்க்கு அது சரியெனத் தோன்றலாம். தியாகராயநகருக்கு அது பொருந்தாது. அங்குப் பழைய கடைகள் பலவும் தாமே பல மாடிகளாக உயர்ந்தன. உரிமை பெரும்பாலும் குடும்பங்களிடமே தங்கியது. பெரிதும் மாறியது விற்பவரின் உடல்நிலை, அதாவது அவர் அமர்ந்து விற்றாரா, நின்று விற்றாரா என்பது.

மாம்பலம் ஏரிப்பகுதியைத் தூர்த்து 1920களில் இந்நகர்ப்பகுதி உருவாக்கப்பட்டது. 1928இல் நல்லி சின்னசாமி செட்டியார் இங்குப் பட்டுக்கடை தொடங்கினார். அக்காலப் பட்டுக்கடைகளின் பொதுவழக்கம், தரையில் மெத்தை பரப்பி வெள்ளைத்துணி விரித்து வணிகம் செய்வது. விற்பவர் சம்மணமிட்டு அமர்வார்; வாங்குவோரும் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே அமர்வர். திருமணத்திற்குப் புடவையெடுக்க அரைநாள் ஆனாலும் எவர்க்கும் அவசரமில்லை. அமர்தலே அங்குத் தொழில்முறை. (அடுக்கிலிருந்து கட்டுகளை எடுத்துக்கொடுத்த உதவியாட்கள் அப்போதும் நின்றவர்களே என்பதையும் மறத்தற்கில்லை.)

மாம்பலம் இரயில் நிலையத்தை உசுமான் சாலையோடு இணைக்கும் ரங்கநாதன் தெருவில் வேறொரு வணிகமுறை வளர்ந்தது. சிறிய பாத்திரக்கடையாகத் தொடங்கிய சரவணா ஸ்டோர்ஸ் அதன் அடையாளமாயிற்று. மின்தொடர்வண்டியிலிருந்து இறங்கிய கூட்டம் நேரே கடைக்குள் நுழைந்தது. பொருள் மெத்தையிலிருந்து அலமாரிக்கு ஏறியது. விற்பவர் அதன் அருகே நிற்கலானார். தென்மாவட்டங்களிலிருந்து வந்து, முதலாளி தரும் விடுதியில் தங்கிப் பணிபுரிந்த இளைஞர்களின் வாழ்வை வசந்தபாலன் இயக்கிய ‘அங்காடித் தெரு’ (2010) திரைப்படம் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது.

அரசின் கவனம் முதலில் கட்டடத்தின்மேல் விழுந்தது. 2011 அக்டோபர் இறுதியில் விதிமீறிய கடைகளுக்குச் சீல் வைக்கப்பட்டது; 2012 சனவரியில் உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது. மாடிகளின் எண்ணிக்கையும் தீப்பாதுகாப்புமே அன்று விவாதமாயின; பணியாளரின் கால்கள் விவாதத்தில் இடம்பெறவில்லை. கேரளம் 2018இல் வழிகாட்டிய பின்னரே, 2021 செப்டம்பரில், 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்க்கும் சட்டமுன்வடிவு தமிழ்நாடு சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டது.

அப்பிரிவு, பணியின்போது அமரும் வாய்ப்பு நேருங்கால் அதனைப் பயன்படுத்துதற்கு ஏற்ற இருக்கை வசதி வேண்டும் என்கிறது. இங்கு ‘வாய்ப்பு’ என்னும் சொல் கூர்ந்து நோக்கத்தக்கது. பட்டுக்கடை மெத்தையில் அமர்தல் விற்பனையின் பகுதி. சட்டத்திலோ அது விற்பனைக்கு இடைப்பட்ட ஓய்வு. இருக்கை கட்டாயமாக்கப்பட்டுள்ளது, தீபாவளிக் கூட்டத்தில் அவ்வாய்ப்பு எத்தனை நிமிடம் என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை.