திருப்பூர் வட்டாரத்தில் ஜவுளி ஆய்வு நல்கைகள்

கோவை, திருப்பூர் வட்டாரத்தின் நூற்பு, நெசவு, பின்னலாடைத் தொழில்களுக்கான ஆய்வுகள் அரசு நல்கைகளையும் ஆலைகளின் பங்களிப்பையும் சார்ந்து வளர்ந்தவை. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் (சிட்ரா) 1956 இல் தொடங்கப்பட்டது. அதிலிருந்து அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை 2024 இல் நடைமுறைக்கு வந்தது வரை, நிதி வழங்கும் அமைப்புகளும் அவற்றின் விதிகளும் பலமுறை மாறியுள்ளன. இம்மாற்றங்கள் ஆய்வுக்கூடங்களின் பணியையும், அவற்றை நம்பியிருக்கும் சிறுதொழில்களையும் பாதித்தன.

பின்னணி

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1920களில் பனியன் உற்பத்தியாகத் தொடங்கியது. 1970களின் இறுதியில் ஏற்றுமதி தலையெடுத்தது. 1990 இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது. நூல் வாங்குதல், பின்னுதல், சாயமிடுதல், தைத்தல், அச்சிடுதல் எனப் பணிகள் பல சிறு நிறுவனங்களிடையே பிரிந்து கிடப்பது இத்தொழிலின் இயல்பு. கூலிக்கு வேலை செய்யும் பட்டறை ஒன்று தனக்கென ஆய்வுக்கூடம் வைத்துக்கொள்ள இயலாது. ஆகவே ஆய்வு என்பது இங்கு தொடக்கம் முதலே பொது ஏற்பாடாகவே இருந்தது.

கூட்டுறவு ஆய்வுச் சங்கங்கள்

1942 இல் நிறுவப்பட்ட அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம், ஒரு தொழிலைச் சேர்ந்த ஆலைகள் கூடி நடத்தும் ஆய்வுச் சங்கங்களுக்கு ஆதரவளித்தது. ஆலைகள் தம் பங்கைச் செலுத்த, அரசும் தன் பங்கைச் சேர்க்கும் என்பது இதன் அடிப்படை. விக்ரம் சாராபாய் முன்னின்று 1947 இல் உருவாக்கிய அகமதாபாத் ஜவுளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கம் இவ்வகையில் முன்னோடி. 1954 இல் மும்பையிலும் 1956 இல் கோவையிலும் இத்தகைய சங்கங்கள் எழுந்தன.

இம்முறையில் இரு நன்மைகள் இருந்தன. பணம் கட்டும் ஆலைகளே ஆய்வுக்குரிய சிக்கல்களைச் சுட்டிக்காட்டின. அரசின் பங்கு, உடனடிப் பயன் தராத அடிப்படை ஆய்வுக்கும் இடம் கொடுத்தது. பின்னர் ஜவுளி ஆராய்ச்சிச் சங்கங்கள் ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவில் இயங்கின.

நொய்யல் தந்த பாடம்

பருத்திப் பின்னல் துணிக்குச் சாயமேற்ற உப்பு பெருமளவில் தேவை. துணியில் சாயம் ஏறியபின் அந்த உப்பு கழிவுநீரோடு வெளியேறுகிறது. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே 1992 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. அணைக்குக் கீழே உள்ள உழவர்களின் நிலமும் கிணறுகளும் உவர்ப்பாயின.

கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத முறைக்கு மாற வேண்டும் என்று 2006 இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அது நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான சாய ஆலைகள் நின்றன. அவற்றைச் சார்ந்த பின்னல், தையல் வேலைகளும் தளர்ந்தன.

உப்பைப் பிரித்து, அடர் உப்புநீரை மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் செயல்படுத்திக் காட்டப்பட்டது. 2011 இல் தமிழ்நாடு அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. இவ்வுதவி தொழில் நின்றபின் வந்தது. இதே சிக்கலுக்கான ஆய்வும் முதலீடும் பத்தாண்டுகளுக்கு முன்பே போதிய அளவில் நடந்திருந்தால், ஆற்றையும் வேலைகளையும் ஒருங்கே காத்திருக்க வாய்ப்பு இருந்தது.

திட்டவழி நல்கைகள்

2000களின் பிற்பகுதியில் மத்திய அரசு, தொழில்நுட்பத் துணிகளுக்கென ஆய்வுச் சிறப்பு மையங்களை அமைக்க நல்கை வழங்கியது. மருத்துவத் துணிகளுக்கான மையம் சிட்ராவிலும், தொழிலகத் துணிகளுக்கான மையம் பின்னர் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் அமைந்தன. பொதுவான ஆதரவுக்குப் பதில் குறிப்பிட்ட திட்டம், குறிப்பிட்ட காலம், குறிப்பிட்ட தொகை என்னும் முறை வலுப்பெற்றது.

2020 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை 1,480 கோடி ரூபாயில் தேசியத் தொழில்நுட்பத் துணிகள் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதில் 1,000 கோடி ரூபாய் ஆய்வுக்கு ஒதுக்கப்பட்டது.

2020: ஓர் ஆய்வுக்கூடத்தின் பயன்

கொரோனா பெருந்தொற்று தொடங்கியபோது, மருத்துவர்கள் அணியும் முழுவுடல் பாதுகாப்பு உடைகள் இந்தியாவில் பெரிய அளவில் தயாராகவில்லை. துணியின் வழியே குருதி ஊடுருவாது என்பதைச் செயற்கைக் குருதி கொண்டு சோதித்த பின்பே உடையை ஏற்க முடியும். அச்சோதனைக்கான வசதி சிட்ராவில் இருந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாதிரிகள் கோவைக்கு வந்தன. தேறிய உடைகளுக்குத் தனிச் சான்று எண் வழங்கப்பட்டது. 2020 மே மாதத்தில் இந்தியாவின் உற்பத்தி நாளொன்றுக்கு 4.5 லட்சம் உடைகளை எட்டியதாக அரசு தெரிவித்தது. திருப்பூர் நிறுவனங்கள் பலவும் முகக்கவசம், பாதுகாப்பு உடை தைக்கும் பணிக்கு மாறின.

அதே ஆண்டு ஆகஸ்டில், அரசு அமைப்புகளைக் குறைக்கும் கொள்கையின்படி, சிட்ரா உள்ளிட்ட எட்டு ஜவுளி ஆராய்ச்சிச் சங்கங்களின் தகுதியை ஜவுளி அமைச்சகம் 'அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு' என மாற்றியது.

பல்கலைக்கழகங்களும் மாறும் விதிகளும்

கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நல்கை பெறும் முதன்மை ஆய்வாளர், ஆய்வோடு கணக்கையும் கவனிக்க வேண்டும். 2017 ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி, செலவுக்கான பயன்பாட்டுச் சான்றிதழை நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் அளிக்க வேண்டும். முன்பணத்துக்குக் கிடைத்த வட்டியும் அரசுக்கே சேரும்.

இடையில் வந்த மாற்றங்களில் சில:

- ஆய்வுக்காக நன்கொடை தரும் நிறுவனங்களுக்குக் கிடைத்த கூடுதல் வருமானவரி விலக்கு, 2020 ஏப்ரல் முதல் கொடுத்த தொகை அளவுக்கே சுருங்கியது.
- ஆய்வுக் கருவிகளுக்கான 5 விழுக்காடு சலுகை ஜி.எஸ்.டி., 2022 ஜூலையில் நீக்கப்பட்டது. பல கருவிகளுக்கு வரி 18 விழுக்காடானது. பழைய விலையில் திட்டமிட்டிருந்தவர்கள் வேறு தலைப்பில் செலவைக் குறைக்க நேர்ந்தது.
- ஆய்வு நல்கைக்கே ஜி.எஸ்.டி. உண்டா என்ற குழப்பம், 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் விலக்கு அளிக்கப் பரிந்துரைத்ததால் தணிந்தது.
- 2025 ஜூனில், விலைப்புள்ளி இன்றி ஆய்வுப் பொருள் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

2023 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின் இடத்தைப் பெற்றது. ஐந்தாண்டுகளுக்கான 50,000 கோடி ரூபாயில் சுமார் 36,000 கோடி ரூபாய் தொழில்துறை முதலிய அரசு சாராத வழிகளில் வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

மதிப்பீடு

வரிச் சலுகை குறைந்த பின்னர், தனியார் பங்களிப்பைக் கூடுதலாக எதிர்பார்ப்பது புதிய கொள்கையிலுள்ள முரண். பெருநிறுவனங்கள் இதை ஏற்கலாம். பெரும்பாலும் சிறு, குறு நிறுவனங்களால் ஆன திருப்பூரில், தனித்தனி முதலாளிகளிடமிருந்து ஆய்வுக்குப் பெருந்தொகை எதிர்பார்ப்பது எளிதன்று. 1956 ஆம் ஆண்டின் கூட்டுப் பங்களிப்பு முறை இச்சூழலுக்கே ஏற்றதாக இருந்தது.

திட்டம் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் முடியும். ஆய்வுக்கூடத்தின் கருவியும், அதை இயக்கத் தெரிந்த பணியாளர்களும் அதற்குப் பின்னும் இருக்க வேண்டும். 2020 இல் குருதி ஊடுருவல் சோதனை உடனே செய்ய முடிந்ததற்குக் காரணம், தேவை எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவ்வசதி கோவையில் அமைந்திருந்ததுதான். நொய்யலில் அத்தகைய முன்னேற்பாடு போதவில்லை. அதன் விலையை உழவர்களும் தொழிலாளர்களும் கொடுத்தனர்.