காவல் இழந்தோரின் கலகம்: 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரமும் பாளையம்பட்டி உள்ளிட்ட ஆறு ஊர்களும்

ஐரோப்பிய நகரங்களின் விளிம்பில் வளர்ந்த இளைஞர் சிலர் ஏன் கொலைவழியைத் தேர்ந்தனர் என்னும் வினா, 2015ஆம் ஆண்டுப் பாரிசுத் தாக்குதல்களுக்குப் பின் பிரெஞ்சு அறிஞரிடையே கடும் விவாதமாயிற்று. சமயத் தீவிரக் கொள்கையின் பரவலையே முதற்காரணமாகக் கொண்டார் கில் கெப்பெல். வன்முறை நாட்டம் முன்னரே உருவாகிவிட்டது, கொள்கை அதற்குப் பின்னர்ச் சொல் தந்தது என்பது ஒலிவியே ருவாவின் வாதம். விளிம்புநிலை, கொள்கை, வன்முறை ஆகிய மூன்றும் எவ்வகையில் தொடர்புறுகின்றன என்பதே இவ்விவாதத்தின் மையம். தென்தமிழகக் கரிசல், செம்புலப் பகுதிகளில் ஒரு நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்த கலவரங்கள் இத்தொடர்பை ஆராய்வதற்கு உரிய களமாகும்.

அருப்புக்கோட்டையை ஒட்டியுள்ள பாளையம்பட்டி, நாடார் வணிகர் நிலைகொண்ட ‘ஆறு ஊர்களில்’ ஒன்று. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, அருப்புக்கோட்டை ஆகியன ஏனைய ஐந்து. தெற்கேயிருந்து கருப்பட்டியும் பிற சரக்கும் மாட்டின் முதுகிலும் வண்டியிலும் ஏற்றிவந்த வணிகர், வழிப்பறிக்கு அஞ்சிச் சரக்கையும் மாட்டையும் மதில் சூழ்ந்த பேட்டைகளில் இறக்கினர். பேட்டையைப் பராமரிக்க ஒவ்வொருவரும் வணிகத்தில் ஒரு சிறு பங்கை மகமையாகச் செலுத்தினர். மகமையை நிருவகித்தது உறவின்முறை. கிணறு, கோயில், பள்ளி, வழக்குச் செலவு யாவும் இந்நிதியிலிருந்தே வந்தன. விருதுநகரில் 1889இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை இதற்குச் சான்று.

இதே நிலப்பரப்பில் மறவரின் நிலை எதிர்த்திசையில் சென்றது. பாளையக்காரர் காலத்தில் காவல் என்பது உரிமையும் பொறுப்பும் இணைந்த ஏற்பாடு. விளைச்சலில் காவற்காரர் பங்கு பெற்றார். களவு போனால் மீட்டுத் தருவதோ ஈடு செய்வதோ அவர் கடமை. 1801இல் பாளையக்காரர் போர்கள் முடிந்தபின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. கும்பினியார் காவலுரிமையைப் படிப்படியாக நீக்கினர். 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் சம்பளம் பெறும் காவல்துறை உருவாயிற்று. எனினும் ஊர்களில் காவற்கூலி முற்றாக மறையவில்லை. நேற்றுவரை முறையாகப் பெற்ற கூலி இன்று மிரட்டிப் பறித்த பணமாக அரசு ஏடுகளில் பதிவாயிற்று. களவுபோன மாட்டை மீட்கத் தரும் துப்புக்கூலியும் அவ்வாறே. மறவர் எல்லோரும் காவற்காரர் அல்லர், பெரும்பாலோர் உழுகுடிகள் என்பதை இங்கு மறக்கலாகாது. அவர்களுள் பலர் நாடார் வணிகரிடம் கடன்பட்டு நிலத்தை இழந்தனர்.

இப்பொருளியல் பகை கோயில் வாயிலில் வெடித்தது. கழுகுமலையில் தேர்வீதி ஊர்வலம் குறித்த பூசல் 1895இல் உயிர்ப்பலியில் முடிந்தது. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் 1897 மே மாதம் நாடார் சிலர் நுழைந்து வழிபட்டனர். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். சிவகாசியிலும் கோயில் நுழைவுக் கோரிக்கை எழுந்தது. 1899 ஏப்ரல் இறுதியில் அங்குத் தொடங்கிய பூசல் சுற்றூர்களில் கொள்ளையும் தீவைப்புமாகப் பரவிற்று. சூன் 6ஆம் நாள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் சிவகாசியைத் தாக்கினர். கலவரங்களில் 22 பேர் மாண்டனர்; எண்ணூறுக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. படை வந்து சூலை நடுவில் அமைதி திரும்பியபோது 1958 பேர் கைதாகியிருந்தனர். அவர்களுள் 552 பேர் தண்டனை பெற்றனர், எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

நாட்களின் வரிசை கருதத்தக்கது. கமுதி வழக்கில் கீழமை நீதிமன்றம் நாடாருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது 1899 சூலையில். சிவகாசித் தாக்குதலோ அதற்குச் சில வாரங்கள் முன்னரே நிகழ்ந்துவிட்டது. கோயில் தூய்மையைக் காப்பதே தாக்கியோரின் முதல் நோக்கமாயின், தமக்குச் சாதகமாக முடியவிருந்த வழக்கைப் பொறுத்திருந்து பார்த்திருக்கலாம். கடைகளும் வீடுகளும் கொள்ளையிடப்பட்டமை வேறொரு மனக்குறையைக் காட்டுகிறது. சாத்திரம் இங்கே காரணம் என்பதைவிட, முன்பே கனன்ற மானக்குறைவுக்குக் கிடைத்த பொது மொழி என்பதே பொருந்தும். ருவாவின் கருத்து இவ்வளவில் உதவும். ஆயின் அம்மொழியை வழங்கியோர் யார் என்ற கெப்பெலின் கேள்வியும் எஞ்சுகிறது. நுழைவுத் தடையை நிலைநாட்ட நீதிமன்றம் சென்றவர்கள் செல்வாக்குடைய சமீன்தாரும் கோயில் அறங்காவலரும். தீவைத்துச் சிறை சென்றவர்களோ பெரும்பாலும் எளிய மக்கள்.

வறுமை மட்டுமே வன்முறையைப் பிறப்பிக்குமெனின், இவ்வட்டாரத்தில் அனைவர்க்கும் கீழே அழுத்தப்பட்டிருந்த நிலமற்ற சாதியினரே முன்நின்றிருக்க வேண்டும். அவர்கள் முன்நிற்கவில்லை. முன்பு மதிப்புடன் வாழ்ந்து அதனை இழந்தோர், தமக்குக் கீழெனக் கருதியோர் உயர்வதைக் கண்முன் கண்டபோதே வன்முறை மூண்டது. நாடாரும் இழிவுபடுத்தப்பட்டோரே, அவர்களிடம் மகமை நிதியும் உறவின்முறையும் இருந்தன. அந்த வலிமையால் வழக்கை உயர்நீதிமன்றத்துக்கும் இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கும் கொண்டுசென்றனர். 1908இல் அங்கும் தோற்றனர். ஈராண்டுக்குப் பின் நாடார் மகாசன சங்கம் தோன்றிற்று. இதனை இயற்கையான சாந்தகுணமாக விளக்குவது பிழை. தோல்விக்குப் பின்னும் எஞ்சி நிற்கக்கூடிய நிறுவனம் அவர்களிடம் இருந்தது.

1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டபோது சிவகாசியும் பாளையம்பட்டியும் ஒரே மாவட்ட ஆட்சியின்கீழ் வந்தன. அதற்கு அடுத்த ஆண்டில் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் காலப்போக்கில் இம்மாவட்ட மறவர் மீதும் பாய்ந்தது. மக்கள் இதனைக் கைரேகைச் சட்டம் என்றனர். பதிவு செய்யப்பட்ட ஆடவர் இரவில் காவல் நிலையத்திலோ குறித்த இடத்திலோ தங்க வேண்டியிருந்தது. 1899இல் பிறந்தேயிராத இளைஞரும் இதற்கு விலக்கல்லர். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் இச்சட்டத்தை எதிர்த்து மக்களைத் திரட்டினார். 1934இல் அபிராமத்தில் மாநாடு கூடியது. சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீக்கப்பட்டது 1947இல். காவற்காரரின் பேரர்கள், தாத்தாக்கள் காத்த ஊர்களிலேயே அதுவரை காவல் நிலையத் திண்ணையில் உறங்கினர்.