பசுமை எரிசக்தித் திட்டங்களும் பழங்குடியினர் உரிமையும்: சட்டம் சொல்வது என்ன?

புது தில்லி: 2030-ஆம் ஆண்டுக்குள் புதைபடிவம் அல்லாத ஆதாரங்களிலிருந்து 500 ஜிகாவாட் மின் உற்பத்தித் திறனை எட்டுவது இந்தியாவின் இலக்காகும். சூரிய மின் பூங்கா, காற்றாலை, நீர்மின் அணை ஆகியவற்றுக்கு நிலம் தேவை. அதில் ஒரு பகுதி, பழங்குடியினர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் காடுகளிலும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் உள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 8.6 சதவீதத்தினர் பழங்குடியினர்.

கிராம சபையின் அதிகாரம்

வனப் பகுதிகளில் தனிநபர், சமூக உரிமைகளை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. அட்டவணைப் பகுதிகளில் நிலம் கையகப்படுத்த கிராம சபையின் முன் ஒப்புதல் தேவை என்கிறது 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம். ஒடிஸாவின் நியமகிரி மலையில் பாக்ஸைட் சுரங்கம் அமைப்பது தொடர்பான வழக்கில், கிராம சபைகளின் கருத்தைக் கேட்குமாறு உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டது. 12 கிராம சபைகளும் திட்டத்தை நிராகரித்தன.

ஒப்புதல் எப்போது?

வன நிலத்தைப் பிற பயன்பாட்டுக்கு மாற்ற கிராம சபையின் ஒப்புதல் அவசியம் என மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009-இல் அறிவுறுத்தியது. ஆனால், 2022-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்பு விதிகள், வன உரிமைச் சட்டம் பின்பற்றப்படுவதை உறுதிசெய்யும் பொறுப்பை, மத்திய அரசின் அனுமதிக்குப் பிந்தைய கட்டத்தில் மாநில அரசுகளிடம் விட்டன. அனுமதி கிடைத்த பிறகு கேட்கப்படும் சம்மதம் வெறும் சடங்காகிவிடும் என்பதே இதற்கு எழுந்த முக்கிய ஆட்சேபம். இவ்விதிகளை நிறுத்திவைக்குமாறு தேசிய பழங்குடியினர் ஆணையமும் வலியுறுத்தியது.

அருணாசல பிரதேசம்

25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் திட்டங்களும் 2019 மார்ச் முதல் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியாகக் கருதப்படுகின்றன. அருணாசல பிரதேசத்தில் இது முக்கியத்துவம் பெறுகிறது. இடு மிஷ்மி மக்கள் வாழும் திபாங் பள்ளத்தாக்கில் 2,880 மெகாவாட் திட்டம் செயல்படுத்தப்படுகிறது. சியாங் ஆற்றில் 11,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திறனுடன் திட்டமிடப்பட்டுள்ள அணைக்கு ஆதி பழங்குடியினரில் ஒரு பிரிவினர் எதிர்ப்புத் தெரிவிக்கின்றனர். அங்கு முன்சாத்தியக்கூறு ஆய்வுக்காக மத்தியப் படையினரை நிறுத்தும் முடிவுக்கு எதிராக 2024 டிசம்பரில் போராட்டம் நடைபெற்றது.

இம்மாநிலம் அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது, ஆறாவது அட்டவணைகள் இரண்டிலும் இடம்பெறவில்லை. ஆகையால், அட்டவணைப் பகுதிகளுக்கான சிறப்புப் பாதுகாப்புகள் இங்கு பொருந்தாது.

சர்வதேச நிலை

சுதந்திரமான, முன்கூட்டிய, தகவலறிந்த ஒப்புதலை வலியுறுத்தும் ஐ.நா. பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவாக 2007-இல் இந்தியா வாக்களித்தது. எனினும், அது சட்டரீதியாகக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை அல்ல. எனவே, உள்நாட்டுச் சட்டங்களின் கீழ் கிராம சபையின் சம்மதம் எந்தக் கட்டத்தில் கேட்கப்படுகிறது என்பதே பழங்குடியினருக்கான பாதுகாப்பின் அளவைத் தீர்மானிக்கிறது.