இல்லத்துக் கருவிகளும் நிறுவன நிருவாகமும்

புதிய பொறிகள் முதலில் பெரிய நிறுவனங்களில் இடம்பெற்று, பின்னரே பொதுமக்களின் இல்லங்களை அடையும் என்பது நெடுங்காலமாக நிலவிய எண்ணம். கணிப்பொறியின் தொடக்க வரலாறும் அதனையே உறுதிப்படுத்திற்று. ஆயினும், கடந்த அரை நூற்றாண்டில் அவ்வோட்டம் திசை மாறியது. தனிமனிதர் தம் பயனுக்கென வாங்கிய கருவிகள் அலுவலகத்துள் நுழைந்து, நிறுவனங்களின் கணிப்பொறி நிருவாகத்தையே மாற்றி அமைத்தன. இம்மாற்றத்தின் வரலாறு பெரிதும் வட அமெரிக்காவில் தொடங்குகின்றது.

1964ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் ‘சிஸ்டம் 360’ என்னும் பெருங்கணிப்பொறி வரிசையை அறிவித்தது. இத்தகைய பொறிகள் குளிரூட்டப்பட்ட தனியறைகளில் வைக்கப்பட்டிருந்தன. பயிற்சி பெற்ற சிலரே அவற்றை இயக்கினர். விற்பனைப் பிரிவினருக்கு ஓர் அறிக்கை தேவைப்பட்டால், கணிப்பொறிப் பிரிவிடம் விண்ணப்பித்துத் தம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இம்முறையால் செலவு கட்டுக்குள் நின்றது; ஆவணங்களும் காக்கப்பட்டன. ஆனால், தேவை ஒருவரிடமும் கருவி மற்றொருவரிடமும் இருந்தன.

1977இல் ஆப்பிள் நிறுவனம் ‘ஆப்பிள் 2’ என்னும் சிறு கணிப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இல்லங்களையும் ஆர்வலர்களையும் நோக்கி வந்த பொறி அது. டேன் பிரிக்லினும் பாப் பிராங்ஸ்டனும் அதற்கென உருவாக்கிய ‘விசிகால்க்’ என்னும் கணக்கு மென்பொருள் 1979இல் வெளிவந்தது. கணக்குத் தாளில் ஓர் எண் மாறினால், அதனைச் சார்ந்த எண்கள் அனைத்தையும் அழித்து எழுதும் தொல்லை அதனால் நீங்கியது. பிரிவுத் தலைவர் பலர் கணிப்பொறிப் பிரிவின் ஒப்புதலுக்குக் காத்திராமல், தம் பிரிவின் செலவுப் பணத்திலிருந்தே சிறு கணிப்பொறிகளை வாங்கினர். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனமே தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. 1983இல் ‘லோட்டஸ் 1-2-3’ வந்தபின் இச்சிறு பொறி அலுவலகத்தில் நிலைபெற்றது.

விடுதலையோடு குழப்பமும் வந்தது. ஒரே நிறுவனத்தின் இரு பிரிவுகள் ஒரே பொருள்பற்றி இருவேறு கணக்குகளைக் காட்டின. படியெடுத்து வைக்கப்படாத ஆவணங்கள் பொறி பழுதானபோது அழிந்தன. 1986இல் தோன்றிய ‘பிரெய்ன்’ என்னும் நச்சுநிரல் நெகிழ்வட்டுகளின் வழியே பரவியது. எனவே, நிருவாகத்தினர் வாங்கத்தக்க பொறிகளை வரையறுத்தனர். உதவிப் பிரிவுகளை ஏற்படுத்தினர். தனித்து நின்ற பொறிகளை வலையமைப்பால் இணைத்தனர். கைநழுவிய கட்டுப்பாடு வேறு வடிவில் மீண்டது.

அடுத்த அலை கைத்தொலைபேசியால் எழுந்தது. கனடாவின் வாட்டர்லூ நகரில் தோன்றிய நிறுவனம் ஒன்று 1999இல் ‘பிளாக்பெரி’ கருவியை அறிமுகம் செய்தது. அதனை நிறுவனமே வாங்கி ஊழியருக்கு வழங்கியது, நிறுவனமே கட்டுப்படுத்தியது. 2007இல் விற்பனைக்கு வந்த ‘ஐபோன்’ கருவியையோ ஊழியர் தம் பணத்தில் வாங்கினர். அலுவலக மின்னஞ்சலும் அதில் வரவேண்டும் என்றனர். பாதுகாப்பு போதாது எனப் பல நிருவாகங்கள் மறுத்தன. 2008இல் நிறுவன மின்னஞ்சலை ஏற்கும் வசதியும், தொலைந்த கருவியிலுள்ளவற்றைத் தொலைவிலிருந்தே அழிக்கும் வசதியும் அதில் சேர்க்கப்பட்டன. அதன்பின் மறுப்பு தளர்ந்தது. ஊழியர் தம் சொந்தக் கருவியைப் பணிக்குப் பயன்படுத்தலாம் என்னும் விதிமுறைகள் எழுந்தன. பிளாக்பெரியின் செல்வாக்குச் சரிந்து, 2022 சனவரியில் அதன் பழைய கருவிகளுக்கான சேவைகளும் நிறுத்தப்பட்டன.

இங்கே ஒரு புதிய சிக்கல் தோன்றிற்று. ஒரே கருவியில் நிறுவனத்தின் கடிதங்களும் ஊழியரின் குடும்பப் படங்களும் உள்ளன. ஊழியர் பணியை விட்டு விலகும்போது நிறுவனம் எதனை அழிக்கலாம்? கடிதங்களைக் காக்கும் உரிமை நிறுவனத்திற்கு உண்டு. படங்களைத் தொடும் உரிமை இல்லை. கருவிக்குள்ளேயே பணிக்குரிய பகுதியையும் தனி வாழ்வுக்குரிய பகுதியையும் பிரித்து வைக்கும் முறை இதற்கு விடையாக வளர்ந்தது. பொறியைப் பூட்டிக் காத்த நிருவாகம், செய்தியைக் காக்கும் நிருவாகமாக மாறியது.

2022 நவம்பரில் ‘சாட்ஜிபிடி’ பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோதும் இவ்வரலாறே தொடர்ந்தது. ஊழியர் முதலில் பயன்படுத்தினர். 2023இல் சில பெருநிறுவனங்கள் தடை விதித்தன. விதிமுறைகள் பின்னர் எழுதப்பட்டன.

ஊழியர் விதியை மீறிக் கருவிகளைக் கொணர்ந்தமைக்குக் கீழ்ப்படியாமை மட்டுமே காரணம் அன்று. நிறைவேறாத தேவையும் காரணமாகும். தடை மட்டும் விதித்தால் அத்தேவை மறைவில் வளரும். மறைவில் நடப்பதைக் காக்க எவராலும் இயலாது. கட்டுப்பாடு முற்றும் இல்லாவிடினோ ஆவணங்களும் நம்பிக்கையும் சிதையும். பயன்படுத்துவோரின் தேவையைக் கேட்டறிந்து, அதற்கேற்ற எல்லையை வகுத்து, அவ்வெல்லையின் காரணத்தையும் எடுத்துரைப்பதே நல்ல நிருவாகம். இவ்வுண்மை கணிப்பொறி அறைக்கு மட்டுமன்றி, வகுப்பறைக்கும் பொருந்துவதாகும்.