பெருந்தொற்றுக் காலமும் இந்திய விமானிகளின் ஊதியத் தகராறும் (2020–2022)

கொரோனா பெருந்தொற்றால் விமானப் போக்குவரத்து முடங்கியபோது, இந்திய விமான நிறுவனங்களின் நிர்வாகத்திற்கும் விமானிகளுக்கும் இடையே ஊதியம், விடுப்பு, பணிநீக்கம் ஆகியவை தொடர்பாகத் தகராறுகள் எழுந்தன. அரசு நிறுவனமாக இருந்த ஏர் இந்தியாவிலும், தனியார் நிறுவனங்களான இண்டிகோ, ஸ்பைஸ்ஜெட் போன்றவற்றிலும் இவை வெவ்வேறு வடிவம் எடுத்தன.

2020 மார்ச் 25 முதல் உள்நாட்டுப் பயணிகள் சேவை முற்றிலும் நிறுத்தப்பட்டது. பன்னாட்டுச் சேவை சில நாள் முன்பே நின்றிருந்தது. பல்லாவரம், பொழிச்சலூர், அனகாபுத்தூர் மக்களுக்கு நாள் முழுதும் கேட்டுப் பழகிய இரைச்சல் அடங்கிப்போனது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலும் ஓடாததால் திரிசூலம் நிலையம் வெறிச்சோடியது. மே 25 அன்று உள்நாட்டுச் சேவை மீண்டும் தொடங்கியபோது, சென்னைக்கு வரும் விமானங்கள் நாளொன்றுக்கு 25 மட்டுமே என்று மாநில அரசு வரம்பு வைத்தது. புறநகர் ரயில் அப்போதும் இல்லை. தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் இருந்த விமான நிலையப் பணியாளர்கள் வேறு வழியில்தான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

விமானியின் சம்பளம் எப்படி அமைகிறது என்பதை அறிந்தால்தான் இந்தத் தகராறு புரியும். அடிப்படை ஊதியம் அதில் ஒரு சிறு பங்கே. பறக்கும் நேரத்தைக் கணக்கிட்டுத் தரப்படும் படிகளே பெரும்பங்கு. விமானம் தரையில் நின்றால் அந்தப் பங்கு கரைந்துவிடும். பல லட்சம் ரூபாய் கடன் வாங்கிப் பயிற்சி முடித்த இளம் துணை விமானிக்கோ மாதத் தவணை நிற்பதில்லை. ‘லட்சக்கணக்கில் வாங்குகிறவர்களுக்கு என்ன குறை’ என்று வெளியார் எளிதாகக் கேட்டுவிட்டனர். துணை விமானியின் கடன் கணக்கை அவர்கள் பார்த்ததில்லை.

ஸ்பைஸ்ஜெட் தன் விமானிகளுக்கு ஏப்ரல், மே மாதச் சம்பளம் இல்லை என்று அறிவித்தது. சரக்கு விமானம் ஓட்டியவர்களுக்கு மட்டும் பறந்த மணி நேரத்திற்கு ஏற்பப் பணம் தரப்பட்டது. பயணிகள் இருக்கைகளிலேயே சரக்கை ஏற்றி அந்நிறுவனம் ஏப்ரல் 7 அன்று இயக்கிய முதல் விமானம், தில்லியிலிருந்து சென்னைக்குத்தான் வந்தது.

ஏர் இந்தியாவின் நிலை வேறு. வெளிநாடுகளில் சிக்கிய இந்தியரை அழைத்துவர மே 7 அன்று தொடங்கிய ‘வந்தே பாரத்’ திட்டத்தில் அதன் விமானிகள் தொற்று அச்சத்துக்கு நடுவே பறந்தனர். அதே வேளையில் படிகளில் 40 சதவீத வெட்டு ஏப்ரல் மாதத்திலிருந்து கணக்கிடப்பட்டது. ஜூலை 14 அன்று வந்த மற்றோர் ஆணை, ஊழியர்களை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சம்பளமில்லா விடுப்பில் அனுப்ப நிர்வாகத்திற்கு அதிகாரம் அளித்தது. இந்திய வணிக விமானிகள் சங்கமும் இந்திய விமானிகள் கில்டும் இவற்றை எதிர்த்தன. மேலிடத்து அதிகாரிகளுக்கு வெட்டு குறைவு, தங்களுக்கு மட்டும் மிக அதிகம் என்பதே அவற்றின் முறையீடு. அரசிடமிருந்து இதற்குச் சரியான விளக்கம் வந்ததாகச் சொல்ல முடியாது. ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் வந்தே பாரத் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து, இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தனர்.

அந்த விபத்து நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. முன்பு பதவி விலகல் கடிதம் கொடுத்து, பிறகு அதைத் திரும்பப் பெற்றுப் பணியைத் தொடர்ந்த ஏறத்தாழ 50 விமானிகளை ஏர் இந்தியா ஆகஸ்ட் 13 இரவு வேலையிலிருந்து நீக்கியது. பழைய கடிதத்தை இப்போது ஏற்றுக்கொண்டதாக நிர்வாகம் சொன்னது. வழக்கு தில்லி உயர் நீதிமன்றம் சென்றது. 2021 ஜூன் 1 அன்று நீதிமன்றம் அந்த ஆணைகளை ரத்து செய்து, நிலுவைச் சம்பளத்துடன் மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவிட்டது. இதற்கு ஒரு மாதம் முன்புதான், பறக்கும் பணியாளர்களுக்கு முன்னுரிமையில் தடுப்பூசி போடாவிட்டால் வேலையை நிறுத்துவோம் என்று வணிக விமானிகள் சங்கம் எச்சரித்திருந்தது. 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாடா குழுமத்தின் கைக்கு மாறியது.

இண்டிகோவில் இத்தகைய சங்கபலம் இல்லை. 2020 மார்ச்சில் அறிவித்த ஊதிய வெட்டை, அரசின் வேண்டுகோளால் ஏப்ரலில் கைவிட்ட நிர்வாகம், மே முதல் நடைமுறைப்படுத்தியது. ஜூலை 20 அன்று தலைமைச் செயல் அலுவலர் ரணஜய் தத்தா, ஊழியரில் 10 சதவீதத்தினரைக் குறைக்கப்போவதாக அறிவித்தார். அமெரிக்காவில் பயணிகள் விமான நிறுவனங்களின் சம்பளச் செலவுக்கென 2500 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை.

தனியார் நிறுவனத்தில் சங்கம் அமைப்பதில் உள்ள ஆபத்தை 2009 காட்டியிருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது ஜெட் ஏர்வேஸ் விமானிகள் ஒரு சங்கம் தொடங்கினர்; இருவர் நீக்கப்பட்டனர். அதை எதிர்த்துச் செப்டம்பரில் நூற்றுக்கணக்கானோர் ஒரே சமயத்தில் மருத்துவ விடுப்பு எடுக்க, சேவை ஐந்து நாள் குலைந்தது. 

சங்கம் இல்லாத இண்டிகோவில் அதிருப்தி வேறு வழிகளில் வெளிப்பட்டது. 2022 ஏப்ரல் 1 அன்று, போக்குவரத்து பெருமளவு மீண்ட நிலையில், விமானிகளின் சம்பளத்தை 8 சதவீதம் மட்டும் நிர்வாகம் உயர்த்தியது. பெருந்தொற்றின்போது வெட்டப்பட்டதோ 30 சதவீதம் வரை. வேலைநிறுத்தத்திற்குத் திட்டமிட்டதாகச் சில விமானிகள் அந்த வாரமே தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஆபத்துக் காலத்தில் மட்டும் பயன்படுத்த வேண்டிய 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சில விமானிகள் குறைந்த சம்பளம் பற்றிக் கடுஞ்சொற்களில் புலம்பியது பதிவாகி, விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விசாரணைக்குப் போனது. அவ்வாண்டிலேயே அவர்களுடைய சம்பளம் மேலும் உயர்த்தப்பட்டது.