வேலியில் போன ஓணான்

போன மாதம் பேரன் ஒரு யோசனையோடு வந்தான். "தாத்தா, இகுவானா ஒரு ஜோடி வாங்கி மொட்டை மாடியில விடலாமா? குஞ்சு பொரிச்சா விக்கலாம்." வேலியில் போற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு, அவனோடு உட்கார்ந்து படித்துப் பார்த்தேன்.

பச்சை இகுவானா தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காப் பக்கத்துப் பிராணி. கீரை, இலை, பூ தின்னும். எலும்பு கெட்டிப்பட வெயில் வேண்டும். நம் ஊரில் அதற்குக் குறையில்லை. இரண்டு மூன்று வயதில் பெட்டை, மண்ணில் குழி பறித்து 20 முதல் 70 முட்டை வரை இடும். 30 டிகிரிச் சூட்டில் சுமார் 90 நாளில் பொரியும். கையகலக் குஞ்சு வளர்ந்து ஐந்தடியைத் தாண்டும். பத்து, பதினைந்து வருடம் இருக்கும்.

ஆக, பெருக்குவது சிரமமில்லை. பெருகியதை என்ன செய்வது? சரித்திரம் இதைத்தான் கேட்கிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கதையில் தூரத்து உறவு ஒன்று உண்டு. 1853 முதல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஜனங்களைக் கரும்புத் தோட்ட வேலைக்காக மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். அந்தத் தீவுகளுக்கென்றே சொந்தமான வேறொரு இகுவானா இனம் உண்டு. பச்சை இகுவானா அங்கே வந்தேறி. குவாதலூப் பக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. மார்த்தினிக்கில் 1960களில் சான் லூயி கோட்டைக்குச் சிலவற்றைக் கொண்டுவந்தார்கள். அவை கோட்டையோடு நிற்கவில்லை. ஊர் இகுவானாவோடு கலந்தன. அதைவிட அதிகமாக முட்டையிட்டன. இன்று குவாதலூப்பின் இரண்டு பெரிய தீவுகளிலும் பழைய இனம் இல்லை. மார்த்தினிக்கில் ஷான்செல் என்ற சின்னத் திட்டு அதற்கு முக்கியப் புகலிடம்.

நல்ல காரியத்துக்காகப் பெருக்கினாலும் இதே கேள்விதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை போகிறவர்கள் வடநெம்மேலி முதலைப் பண்ணையைப் பார்த்திருப்பீர்கள். அழிந்துகொண்டிருந்த முதலைகளைக் காப்பாற்ற ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கியது. குஞ்சுகளைப் பல மாநிலக் காடுகளுக்கு அனுப்பினார்கள். பிறகு விட இடமில்லை என்று அரசு நிறுத்திவிட்டது. முதலைகளோ முட்டையிடுவதை நிறுத்தவில்லை. கடைசியில் 2022இல், 1,000 முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. நிபுணர்கள் நடத்தும் இடத்திலேயே இப்படி என்றால், மொட்டை மாடி எம்மாத்திரம்?

சட்டமும் மாறிவிட்டது. 2022இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இகுவானா போன்ற அயல்நாட்டுப் பிராணி வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். 2024 விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதியலாம். குஞ்சு பொரித்தாலும், கைமாறினாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். ரசீது, பதிவு எதுவும் இல்லாமல் விற்பவனிடம் வாங்கினால் வம்பு நம் வீட்டுக்கு வரும்.

பேரனிடம் "வேண்டாம்" என்று சொல்லவில்லை. ஒரு ஈட்டுக்கு நாற்பது குஞ்சு என்று வை. பதினைந்து வருடம் வைத்துக் காப்பாற்றக்கூடிய நாற்பது பேரை முதலில் எழுதிக் கொண்டு வா என்றேன். இதுவரை இரண்டு பேர் தேறியிருக்கிறார்கள். ஒன்று என் பெயர். என்னைக் கேட்காமலே எழுதிவிட்டான்.