விண்ணில் வழிதவறிய குடும்பம்

சுவிற்சர்லாந்துப் பாதிரியார் யொஹான் டேவிட் வீஸ் எழுதிய கதைநூலொன்று 1812ஆம் ஆண்டில் வெளிவந்தது. கப்பலுடைந்து தீவொன்றில் ஒதுங்கிய குடும்பத்தின் வரலாறு அது. அந்நூலின் தலைப்பில் வரும் 'றொபின்சன்' என்பது அக்குடும்பத்தின் பெயர் அன்று. 1719இல் டானியல் டீபோ படைத்த றொபின்சன் குரூசோவின் நிலையை எய்தியோர் என்பதே அதன் குறிப்பாகும். ஒன்றரை நூற்றாண்டின் பின்னர் அமெரிக்கத் தொலைக்காட்சி அவ்வடைமொழியையே குடும்பப் பெயராக்கி, தீவைக் கோளாகவும் மாற்றிற்று.

இர்வின் அலன் தயாரித்த 'லொஸ்ட் இன் ஸ்பேஸ்' என்னும் அத்தொடர், சி.பி.எஸ். நிறுவனத்தாரால் 1965 செப்ரெம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. கதை நிகழ்வது 1997இல். சனநெருக்கம் மிகுந்த பூமியை விட்டு, பேராசிரியர் ஜோன் றொபின்சன் தம் மனைவி மோரீன், பிள்ளைகள் யூடி, பெனி, வில் ஆகியோருடனும் விமானி டொன் வெஸ்ற்றுடனும் அல்பா சென்ரோறியை நோக்கிப் புறப்படுகின்றார். முதலிற் படமாக்கிய மாதிரிப் பகுதியில் இவர்களே இருந்தனர். பகைவன் என ஒருவனும் இலன். பின்னர் பெரும்புகழ் ஈட்டிய இயந்திர மனிதனும் இலன். குளிருக்கஞ்சித் தெற்கே பெயர்தலும், கொந்தளித்த கடலைக் கடத்தலுமே அதில் நிகழ்ந்த போராட்டம். இயற்கையோடு பொருதும் அக்காட்சிகள் ஒளிபரப்பான முதற் சில பகுதிகளிலும் எடுத்தாளப்பட்டன. தொடரின் மிகச் சிறந்த பகுதிகள் அவையே எனலாம்.

மாதிரிப் பகுதிக்குப் பின்னர் சேர்க்கப்பட்டவன் டொக்ரர் சிமித். அந்நிய வல்லரசொன்றின் கையாளாகக் கலத்தை அழிக்க முயன்று, தானே அதனுள் அகப்பட்டுக்கொள்கின்றான். அவனுடைய பாரமே கலத்தை வழிபிறழச் செய்கின்றது. தொடக்கத்தில் அவன் கொலைக்கும் அஞ்சாதவன். ஆயின், அப்பாத்திரத்தை ஏற்ற யொனதன் ஹரிஸ், இத்தகைய கொடியவன் நெடுநாள் நிலையான் என்பதை உணர்ந்தார். தம் வசனங்களைத் தாமே திருத்தி, அவனைக் கோழையும் சோம்பேறியும் வாயாடியுமாக மாற்றினார். அலன் அதனைத் தடுக்கவில்லை. இயந்திர மனிதனை நோக்கி அவன் மோனை நயம்படத் தொடுத்த வசைகளுக்காகவே சிறுவர் காத்திருந்தனர்.

1966 சனவரியில் ஏ.பி.சி. நிறுவனம் 'பேற்மன்' தொடரைப் புதன்கிழமைகளில் அதே வேளையில் ஒளிபரப்பியது. அதன் வண்ணக் கோமாளித்தனத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் ஆண்டில் வண்ணத்துக்கு மாறிய தொடர் சிரிப்புக்கும் மாறியது. 1968இற் காட்டிய பகுதியொன்றில், மனித வடிவுற்ற கரட் கிழங்கொன்று றொபின்சன் குடும்பத்தை அச்சுறுத்துகின்றது! சிமித், சிறுவன் வில், இயந்திர மனிதன் ஆகிய மூவரே கதையைக் கைக்கொண்டனர். முன்னர் 'சொறோ'வாக நடித்துப் பெயர்பெற்ற கை வில்லியம்ஸ், தலைவனாயிருந்தும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார். குடும்பத்தின் கதையாகத் தொடங்கியது கோமாளி ஒருவனின் கதையாயிற்று. இதனை ஹரிஸின் குற்றமென்றல் பொருந்தாது. அவரின்றேல் தொடர் மூன்றாண்டு நின்றிருக்குமோ என்பது ஐயமே. எனினும், பசியும் குளிரும் தனிமையும் மெய்யாகவே அச்சமூட்டிய அத்தொடக்கம் மீளவில்லை.

83 பகுதிகளின் பின், 1968 மார்ச் 6ஆம் நாளுடன் தொடர் நின்றது. முடிவுப் பகுதி எழுதப்படாமையால் அக்குடும்பம் அல்பா சென்ரோறியையும் அடையவில்லை, பூமிக்கும் மீளவில்லை. 2018 முதல் 2021 வரை நெற்பிளிக்ஸ் நிறுவனம் இக்கதையைப் புதிதாகத் தயாரித்தபோது, குடும்பம் மீண்டும் நடுவிடத்துக்கு வந்தது. அதிற் சிமித்தாகத் தோன்றியவர் பார்க்கர் போசி என்னும் நடிகை.